ரெண்டு தடவை நாக் சென்சார் மாத்தியும் அணையாத செக் லைட்: ஏற்காடு ஏறுற ஒரு காரோட முழு கேஸ்

2022 ஏப்ரல்ல சேலத்துல என் பட்டறைக்கு வந்த ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் பத்தி எழுதுறேன். 2016 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், போர் (சிலிண்டரோட விட்டம்) 73 எம்எம், ஓடினது 68,000 கிலோமீட்டர். ஓனர் ரிட்டயர் ஆன வாத்தியார், ஏற்காட்டுல கொஞ்சம் காபித் தோட்டம் வச்சிருக்காரு, அதனால வாரத்துல ரெண்டு தடவையாவது அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குற வண்டி. மத்த நாள்ல மார்க்கெட், கோயில், பேத்தியோட ஸ்கூல்னு ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டம்தான், இன்ஜின் சரியா சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவாரு. இந்த ரெண்டு ஓட்டமும் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க.

வந்தப்போ அவர் சொன்னது, "தம்பி, மலையில இழுவையே இல்ல, செகண்ட் கியர்லயே தொங்குது, 17 கொடுத்த மைலேஜ் 13க்கு வந்துருச்சு, செக் லைட் அணைக்க அணைக்க வருது, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிருச்சு 28,000 ரூபாய் ஆகும்னு சொல்றாங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க பாருங்க". ஏற்கனவே ரெண்டு பட்டறை பார்த்தாச்சு. முதல் இடத்துல மார்க்கெட்ல கிடைக்கிற சாதா நாக் சென்சார் போட்டிருக்காங்க, ரெண்டாவது இடத்துல ஒரிஜினல் போட்டிருக்காங்க. ஒரிஜினல் போட்டப்புறம் நாலு நாள் லைட் வரல, அஞ்சாவது நாள் ஆறாவது வளைவுல திரும்ப வந்துருச்சு.

ஸ்கேனர் போட்டேன், பி0327. முதல் பேங்க் (சிலிண்டர் வரிசை) நாக் சென்சார் சிக்னல் கம்மியா இருக்குன்னு அர்த்தம். இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, கோட்ல நாக் சென்சார்னு பேர் வந்தாலே சென்சார் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க. கோட் சொல்றது இவ்வளவுதான், ஈசியு எதிர்பார்த்த அளவு சத்தம் அந்த வயர் வழியா வந்து சேரலைன்னு. ஏன் வரலைங்கறதை நாமதான் தேடணும்.

முதல்ல இந்த சென்சார் என்ன வேலை பார்க்குதுன்னு சொல்லிடுறேன். பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே பிளக்ல பொறி விழும், தீ அங்கிருந்து சீரா பரவி எரியணும். சில சமயம் தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஓரத்துல இருக்கற பெட்ரோல் காத்துக் கலவை அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானாவே பட்டுன்னு வெடிச்சிடும், அதுதான் நாக். அந்த வெடிப்புல உண்டாகற அழுத்த அலை சிலிண்டர் சுவத்துல மோதி மோதி எதிரொலிக்கும், அதைத்தான் நாம தகர டப்பாவுல சில்லறை போட்டு குலுக்குற மாதிரி சத்தமா கேக்குறோம். லேசா எப்பவாவது வந்தா பெரிசா ஒன்னும் ஆகாது, தொடர்ந்து பலமா அடிச்சா பிஸ்டன் தலை அரிக்கும், ரிங்குக்கு நடுவுல இருக்கற சுவர் உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

அந்த எதிரொலியோட அதிர்வெண் சிலிண்டரோட விட்டத்தைப் பொறுத்து மாறும். 1930கள்ல அமெரிக்காவுல எம்ஐடியில சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் இதை ஆராய்ச்சி பண்ணினாரு (அப்போலோ விண்கலத்துக்கு வழிகாட்டுற கம்ப்யூட்டர் பின்னாளில் இவரோட லேப்லதான் உருவாச்சு). இப்ப எல்லாரும் போடுற சுலபமான கணக்கு, 900ஐ பை பெருக்கல் சிலிண்டர் ஆரத்தால வகுத்தா கிலோ ஹெர்ட்ஸ்ல விடை வரும், ஆரம் மில்லிமீட்டர்ல போடணும். நம்ம வண்டிக்கு ஆரம் 36.5, கணக்குப் போட்டா 7.8 கிலோ ஹெர்ட்ஸ் கிட்ட வருது. அந்த அதிர்வைக் கேக்கறதுக்குத்தான் பிளாக்ல, ரெண்டாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவுல, மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்த் தொகுப்பு) அடியில ஒரு சின்ன வளையத்தை போல்ட் போட்டு இறுக்கி வச்சிருக்காங்க.

வளையத்துக்குள்ள ஒரு செராமிக் வில்லை, அதுமேல ஒரு கனமான உலோக வளையம், ரெண்டையும் அமுக்கி வச்சிருக்கும். பிளாக் அதிர்ந்தா கனம் செராமிக்கை அமுக்கும், செராமிக்ல மின்னழுத்தம் பிறக்கும். 1880ல கியூரி சகோதரர்கள் கண்டுபிடிச்ச அதே பீசோ விஷயம்தான், கேஸ் அடுப்பு லைட்டர்ல டக்குன்னு பொறி வர்றதும் இதாலதான். கார்ல இது வந்தது ரொம்ப லேட், 1978ல அமெரிக்காவுல பியூக் டர்போ வி6 வண்டியில நாக்கைக் கேட்டு டைமிங்கைக் (பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எத்தனை டிகிரி முன்னாடி பொறி விழுதுங்கற கணக்கு) குறைக்கற ஏற்பாடு இருந்துச்சு, அப்புறம் சாப் டர்போ கார்கள்ல வந்தது. இப்ப நம்ம ஊரு சின்ன கார் வரைக்கும் எல்லாத்துலயும் இருக்கு.

ஈசியு எப்பப் பார்த்தாலும் இதைக் கேட்டுக்கிட்டு இருக்காது. வால்வு மூடுற சத்தம், செயின் சத்தம்னு இன்ஜின்ல ஆயிரம் சத்தம் இருக்கு, அதனால ஒவ்வொரு சிலிண்டரும் எரியற நேரத்துல, பிஸ்டன் உச்சியைத் தாண்டி கீழ இறங்க ஆரம்பிக்கற அந்தக் கொஞ்ச டிகிரிக்குள்ள வர்ற சத்தத்தை மட்டும்தான் எடுத்துக்கும். நாக்னு தெரிஞ்சா அந்த சிலிண்டருக்கு பொறி விழுற நேரத்தை ஒரு 2, 3 டிகிரி தள்ளிப்போடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பார்க்கும், திரும்ப சத்தம் வந்தா திரும்பத் தள்ளும். சென்சார் நல்லா கேக்குதுன்னா இன்ஜின் எப்பவும் விளிம்பு ஓரமா, நல்ல இழுவையோட ஓடும். சென்சார் சொல்றதை நம்ப முடியலைன்னா ஈசியு ரிஸ்க் எடுக்காம எல்லா சிலிண்டருக்கும் டைமிங்கை மொத்தமா குறைச்சு வச்சுடும், இன்ஜின் தப்பிச்சுக்கும், இழுவையும் மைலேஜும் போயிரும். சார் சொன்ன கம்ப்ளைன்ட் அச்சு அசல் இதுதான்.

இப்ப கேஸுக்கு வர்றேன். கோட் விழுந்த நேரத்து விவரத்தை ஸ்கேனர்ல எடுத்தேன், 3,000 ஆர்பிஎம், ஸ்பீடு 32, கூலன்ட் சூடு 93 டிகிரி, லோடு 80 சதவீதத்துக்கு மேல. சாவி போட்ட உடனே வரல, ஐடில்லயும் வரல, இன்ஜின் வேகமா சுத்தி சத்தம் ஏறியிருக்க வேண்டிய இடத்துல வந்திருக்கு. ஈசியு இந்த சென்சாரை சோதிக்கற விதமே அதுதான், ஆர்பிஎம் ஏறினா சாதாரண இன்ஜின் இரைச்சலும் ஏறணும், ஏறலைன்னா காது கேக்கலைன்னு முடிவு பண்ணும். அப்போ சிக்னல் மொத்தமா அறுந்திருக்கலாம், இல்ல வந்தும் மெலிஞ்சு வந்திருக்கலாம். எது ரெண்டுல?

வயரைப் பார்த்தேன். சென்சார்ல இருந்து ஈசியு வரைக்கும் சீல்டு வயர், மேல சுத்தியிருக்கற கவசம் எர்த்ல போய் சேரணும். இந்த சிக்னல் மில்லிவோல்ட் கணக்குல இருக்கற சின்ன சிக்னல், பக்கத்துல காயில் வயர் போச்சுன்னா அதோட இரைச்சல் இதுல ஏறிடும், அதுக்குத்தான் கவசம். ரெண்டு முனைக்கும் கன்டினியூட்டி பார்த்தேன், எர்த்தோட ஷார்ட் இருக்கான்னு பார்த்தேன், கப்ளர் பின் அகண்டிருக்கான்னு பார்த்தேன், எலி கடிச்சிருக்கான்னு நீளத்துக்கும் தடவிப் பார்த்தேன் (மழை முடிஞ்சு வர்ற மாசங்கள்ல பத்து வண்டியில ஒரு வண்டி எலி கேஸுதான் எனக்கு). வயர் சுத்தம்.

சென்சாரைக் கழட்டாமலே மீட்டர் வச்சேன். இந்த வகைக்கு ரெண்டு பின்னுக்கு நடுவுல 1 மெகா ஓம்க்கு மேல காட்டணும், காட்டுச்சு. இதை எல்லா வண்டிக்கும் எடுத்துக்காதீங்க, டொயோட்டாவுல உள்ளயே ஒரு ரெசிஸ்டர் வச்சு 120ல இருந்து 280 கிலோ ஓம் வரைக்கும் வர்ற மாதிரி செஞ்ச சென்சார் இருக்கு, நிசான்ல 500, 600 கிலோ ஓம் பக்கம் வர்றது இருக்கு, அந்தந்த வண்டி மேனுவல் பார்த்துத்தான் சொல்லணும். அப்புறம் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்ல வச்சு பிளாக்ல சென்சாருக்குப் பக்கத்துல சின்ன ஸ்பேனரால தட்டினேன். சென்சார் மேல தட்டவே கூடாது, செராமிக் விரிஞ்சிடும். ரீடிங் துள்ளுச்சு, ஆனா ரொம்பக் கொஞ்சமா. அதே மாடல் இன்னொரு வண்டி கிளட்ச் வேலைக்கு வந்து பக்கத்துல நின்னுச்சு, அதுல அதே இடத்துல அதே ஸ்பேனரால அதே மாதிரி தட்டினேன், ரெண்டு மடங்குக்கு மேல வந்துச்சு. கையால தட்டுற டெஸ்ட் துல்லியமானது கிடையாது, ஒரே பலத்துல தட்டவும் முடியாது, ஆனாலும் பத்து தடவை தட்டினதுல பத்து தடவையும் இந்த வண்டிதான் கம்மி. சென்சார் உயிரோட இருக்கு, பிளாக்கோட அதிர்வு அதுக்குப் போய் சேரல.

மேனிஃபோல்டைக் கழட்டினேன். போல்ட்டை லூஸ் பண்ண நீட்டு கைப்பிடி போட வேண்டியதாயிருச்சு, அவ்வளவு இறுக்கியிருக்காங்க. வெளிய வந்த போல்ட்ல ஒரு ஸ்பிரிங் வாஷர், ஒரு பிளெயின் வாஷர். சென்சாரைத் தூக்கினா அடியில பிளாக் முகத்துல கேஸ்கட் கம் படிஞ்சு ரப்பர் தோல் மாதிரி காஞ்சிருக்கு, மேனிஃபோல்டுக்குத் தடவினப்போ வழிஞ்சிருக்கும்போல, அதுமேலயே வச்சு இறுக்கியிருக்காங்க. பார்த்த உடனே எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு, ஒரு நல்ல மனுஷன் ரெண்டு சென்சாருக்கு காசு கொடுத்திருக்காரு, ஈசியுவுக்கும் கொடுக்கற நிலைமைக்கு வந்துட்டாரு, எல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத கம்முக்கும் ரெண்டு ரூபாய் வாஷருக்கும்.

இந்த சென்சாரைப் பொறுத்தவரை அதை இறுக்கற போல்ட்டும் சென்சாரோட ஒரு பாகம்தான். நடுவுல இருக்கற உலோகக் குழாயோட முகம் பிளாக்கோட வெறும் உலோகத்துல நேரா உக்காரணும், அப்பத்தான் 7, 8 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வு குறையாம ஏறும். நடுவுல ரப்பர் மாதிரி எது இருந்தாலும் வேகமான அதிர்வை அது விழுங்கிடும், காதுல பஞ்சு அடைச்ச மாதிரி. எட்டு எம்எம் போல்ட் போடுற தட்டை வகைக்கு பாஷ் கம்பெனி கொடுத்திருக்கற டார்க் (போல்ட்டை இறுக்கற அளவு) 20 நியூட்டன் மீட்டர், 5 முன்னப்பின்ன, வாஷர் எதுவும் போடக்கூடாது. லூஸா இருந்தா சிக்னல் குறையும், ஓவரா இறுக்கினா குழாய் நசுங்கி செராமிக் மேல இருக்கற அமுக்கம் மாறிடும். கை அந்தாஸுல இறுக்கற இடமே இல்ல இது, டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை இந்த வேலையைத் தொடாம இருக்கறது நல்லதுன்னு நான் ஓப்பனாவே சொல்லுவேன்.

பிளாக் முகத்தை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டி, பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சு, போல்ட் ஓட்டையையும் சுத்தம் பண்ணினேன், அடியில எண்ணெய் தேங்கியிருந்தா டார்க் பொய்யா காட்டும். எமரி சீட் போட்டு முகத்தைத் தேய்க்காதீங்க, பள்ளம் விழுந்துச்சுன்னா திரும்ப அதே பிரச்சனை. புது போல்ட், வாஷர் கிடையாது, 20ல டார்க் வச்சு, வயர் வெளிய வர்ற திசை பழையபடி இருக்கான்னு பார்த்து மாட்டினேன். சென்சார் ரெண்டாவது பட்டறை போட்ட அதே ஒரிஜினல்தான். தட்டிப் பார்த்தேன், பக்கத்து வண்டி அளவுக்கு ரீடிங் வந்துச்சு.

சாரையும் ஏத்திக்கிட்டு அடிவாரத்துல இருந்து கிளம்பினோம், மடியில ஸ்கேனர். முன்னாடி ஏறினப்போ செகண்ட் கியர் 3,000ல டைமிங் 4 டிகிரிதான் காட்டிச்சு, இப்ப 9, 10க்கு வந்துருச்சு. இழுவை நல்லாவே தெரிஞ்சுது, லைட் இல்ல. எட்டாவது வளைவு தாண்டி தேர்டு கியர்ல 1,900 ஆர்பிஎம்ல மிதிச்சாரு, டிக் டிக் டிக்னு லேசா சத்தம். சார் முகம் மாறிடுச்சு, "தம்பி, இதே சத்தம்தான், இதுக்குத்தானே முதல் முதல்ல பட்டறைக்கே போனேன், திரும்ப வந்துருச்சே".

எனக்கு அந்த நிமிஷத்துலதான் மொத்தக் கதையும் புரிஞ்சுது. வண்டியை ஓரமா நிறுத்திட்டு கேட்டேன், சார், முதல்ல இந்தச் சத்தம் வந்தப்போ செக் லைட் எரிஞ்சுதா? யோசிச்சுட்டு, இல்லை, லைட் வந்தது முதல் சென்சார் மாத்தினப்புறம்தான்னாரு. சத்தம் எப்ப நின்னுச்சு? அதுவும் சென்சார் மாத்தினப்புறம்தான். அப்படின்னா வண்டியோட வந்த பழைய சென்சார் சாகவே இல்ல! இன்ஜின்ல நிஜமாவே நாக் இருந்திருக்கு, சென்சார் தன்னால முடிஞ்சவரைக்கும் அதை அடக்கிக்கிட்டு இருந்திருக்கு. நாக் சத்தம் வந்தா நாக் சென்சார் போச்சுன்னு மாத்தி, மாத்தும்போது கம் மேல உக்கார வச்சு செவிடாக்கிட்டாங்க. ஈசியு பயந்து டைமிங்கை மொத்தமா குறைச்சுது, குறைச்சதால நாக் சத்தம் நின்னுச்சு, சத்தம் நின்னதால வேலை சரிதான்னு எல்லாரும் நம்பிட்டாங்க. இழுவை போனதுக்கும் லைட்டுக்கும் தனியா காரணம் தேடப் போய் ஈசியு வரைக்கும் வந்துருச்சு.

பழைய சென்சாரை சார் பிளாஸ்டிக் கவர்ல போட்டு டிக்கியில வச்சிருந்தாரு, வாத்தியார் வழக்கம், எதையும் தூக்கிப் போட மாட்டாரு. பிளாக்ல மாட்டி அதையும் டெஸ்ட் பண்ணினேன், ரீடிங் புதுசு அளவுக்கே இருந்துச்சு. ஆனா யாராவது கழட்டும்போது கீழ போட்டாங்களான்னு தெரியாது, ஒரு தடவை சிமென்ட் தரையில விழுந்தாலும் உள்ள செராமிக்ல மயிர் மாதிரி விரிசல் வரலாம், அதனால அதைத் திரும்பப் போடல.

அடுத்தது நிஜ நாக்குக்குக் காரணம் தேடினேன். பிளக் நாலையும் கழட்டினா நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா, எர்த் முனை நீலம் பாஞ்சு இருக்கு, ரொம்ப சூடாகற பிளக்கோட அடையாளம். 2021 டிசம்பர் சர்வீஸ்ல மாத்தினது, அப்ப மெக்கானிக் "மலை ஏறுற வண்டிக்கு கூல் பிளக் போட்டா நல்லது, நம்பர் பெருசா இருக்கறது கூல்"னு சொல்லி வேற பிராண்டுல ஒரு நம்பர் கூட இருக்கறதைப் போட்டிருக்காரு. எண்ணம் தப்பில்ல (கூல்னா நுனியில சேர்ற சூட்டை வேகமா வெளிய கடத்துற பிளக், ஹாட்னா மெதுவா கடத்துறது), ஆனா நம்பர் கணக்கு பிராண்டுக்கு பிராண்டு மாறும். என்ஜிகே, டென்சோ பிளக்ல நம்பர் ஏற ஏற கூல், பாஷ் பிளக்ல நம்பர் ஏற ஏற ஹாட், ரெண்டும் நேரெதிர். என்ஜிகே 6க்கு கிட்டத்தட்ட சமம் பாஷ் 7, இதுல பெருசு தேடி 8 எடுத்தா ஒரு படி ஹாட் பக்கம் போயிருவீங்க. கூல் பண்ண நினைச்சு போட்ட பிளக்தான் சிலிண்டருக்குள்ள சூட்டைக் கூட்டியிருக்கு.

கேமரா விட்டுப் பார்த்ததுல பிஸ்டன் தலையில கருப்பா கார்பன் பொரைப் பொரையா இருக்கு. ரெண்டு கிலோமீட்டர் ஓட்டத்தோட பலன். கார்பன் படிஞ்சா உள்ள இடம் குறைஞ்சு கம்ப்ரெஷன் ஏறும், கார்பன் சூட்டையும் பிடிச்சு வச்சுக்கும், ரெண்டுமே நாக்குக்குத் தூபம் போடுறதுதான். பிளக் ஓட்டை வழியா கிளீனர் விட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சு, காலையில பிளக் போடாமலே இன்ஜினைச் சுத்தி கிளீனரை வெளிய தள்ளி, அப்புறம் இன்ஜின் ஆயிலும் மாத்தினேன், ஊற வச்ச கிளீனர் ரிங் வழியா ஆயில்ல இறங்கியிருக்கும், இதை விட்டுடாதீங்க. கம்பெனி சொன்ன நம்பர் பிளக் நாலு போட்டேன். ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட் ரெண்டும் நல்லா இருந்துச்சு.

திரும்ப அதே ரோடு, அதே ஆளு, 3,000ல டைமிங் 15. பக்கத்து வண்டியில 16 பார்த்திருந்தேன். தேர்டு கியர்ல 1,900ல வேணும்னே மிதிக்கச் சொன்னேன், சத்தம் இல்ல. 20வது வளைவு வரைக்கும் போயி ஏரிக்கரையில டீ குடிச்சுட்டுத்தான் இறங்கினோம்.

வழியில சார் 95 ஆக்டேன் பெட்ரோல் போடவான்னு கேட்டாரு, முன்னாடி யாரோ போடச் சொல்லி ரெண்டு டேங்க் போட்டும் வித்தியாசம் தெரியலையாம். தெரியாதுதான். 91 போட்டாலும் 95 போட்டாலும், சென்சாரை நம்பாத ஈசியு டைமிங்கை ஒரே மாதிரி குறைச்சுத்தான் வச்சிருக்கும், அதிக ஆக்டேனை வச்சு முன்னுக்குக் கொண்டுபோக அதுக்குக் காது வேணுமே. சென்சார் சரியா கேக்கற வண்டியில, நாக் வர்ற எல்லையில ஓடுற இன்ஜின்ல போட்டா கொஞ்சம் பலன் இருக்கும். இந்த வண்டிக்கு இப்ப தேவையில்லைன்னுட்டேன்.

பராமரிப்புன்னு கேட்டா இந்த சென்சாருக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்னு ஒரு கணக்கு கிடையாது, நல்லா இருந்தா வண்டி ஆயுசு முழுக்க வரும். நாம கெடுக்காம இருந்தா போதும். நான் பார்த்தவரைக்கும் தண்ணிதான் பெரிய எதிரி, சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து பிரஷர்ல தண்ணி அடிக்கறதை நம்ம ஊர்ல சுத்தம்னு நினைக்கறாங்க. 1999ல இருந்து அமெரிக்காவுல ஜிஎம் டிரக்குகள்ல வந்த 5.3 லிட்டர் வி8ல சென்சார் ரெண்டும் மேனிஃபோல்டுக்கு அடியில குழிக்குள்ள இருந்துச்சு, ரப்பர் மூடி வழியா தண்ணி இறங்கித் தேங்கி பின்னாடி இருக்கறது துருப்பிடிச்சுப் போறது அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி. கடைசியில மூடியைச் சுத்தி சீலன்ட்ல வரப்பு கட்டச் சொல்லி கம்பெனியே குறிப்பு விட்டுச்சு, அடுத்த தலைமுறை இன்ஜின்ல சென்சாரை பிளாக்கோட பக்கவாட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. நம்ம வண்டிகள்ல கப்ளர் ரப்பர் கிழியாம, லாக் உடையாம இருக்கான்னு மேனிஃபோல்டு கழட்டும்போதெல்லாம் பாருங்க.

இன்னொன்னு, சென்சாருக்கு நாக் சத்தமும் இரும்புத் தட்டுற சத்தமும் ஒரே மாதிரி கேக்கலாம். ஏசி கம்ப்ரெஸர் பிராக்கெட்டோ ஆல்டர்னேட்டர் போல்ட்டோ லூஸா இருந்து பிளாக்ல தட்டிக்கிட்டே இருந்தா, இல்லாத நாக்குக்கு ஈசியு டைமிங்கைக் குறைச்சுக்கிட்டே இருக்கும், லைட்டும் வராது, ஓனருக்கு இழுவை குறைஞ்சது மட்டும்தான் தெரியும். பி0326 (நாக் சென்சார் சிக்னல் வழக்கமான அளவுக்குள்ள இல்லைங்கற கோட்) வந்த வண்டியில நான் முதல்ல பார்க்கறது பிராக்கெட் போல்ட்டுகளைத்தான்.

சார் கிட்ட ஒரு அட்டையில பிளக் நம்பர், சென்சார் போல்ட் 20 நியூட்டன் மீட்டர், வாஷர் வேண்டாம்னு எழுதி டேஷ்போர்டு டப்பாவுல வைக்கச் சொன்னேன், அடுத்து எந்த ஊர்ல யார் கழட்டினாலும் காட்டுங்கன்னேன். வாரம் ஒரு நாளாவது மலைக்குப் போகாத சமயம் ஒரு 20 கிலோமீட்டர் பைபாஸ்ல நிறுத்தாம ஓட்டுங்கன்னும் சொன்னேன்.

அக்டோபர்ல ஆயில் மாத்த வந்தாரு. மைலேஜ் 16க்கு மேல வருதுன்னு டைரியில குறிச்சு வச்சதைக் காட்டினாரு. ஸ்கேனர்ல கோட் எதுவும் இல்ல, மலைக்குப் போகாம பைபாஸ்லயே லோடு கொடுத்துப் பார்த்தேன், டைமிங் மட்டும் நான் எதிர்பார்த்ததை விட ரெண்டு டிகிரி குறைவா நின்னுச்சு. பிளக் நல்லா இருந்துச்சு. கீழ படுத்து பார்த்தா ஏசி பிராக்கெட் போல்ட் ஒன்னு லூஸ், இறுக்கிட்டு திரும்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன், 15க்கு வந்துருச்சு.